வீட்டிலேயே முதுமை: அம்மா இருந்த இடத்திலேயே இருக்க வீடு என்ன செய்ய வேண்டும்?

“அம்மாவை நாங்கள் வீட்டிலேயே வைத்துத்தான் பார்க்கிறோம்.” கொழும்பில் கலியாண வீட்டிலோ செத்த வீட்டிலோ யாராவது இப்படிச் சொன்னால் சுற்றி இருப்பவர்கள் தலையாட்டுவார்கள். அதற்கு மேல் கேள்வி இல்லை. முதியோர் இல்லத்தில் விடவில்லை, அப்படியென்றால் நல்ல பிள்ளைகள். அந்த அம்மா வெள்ளவத்தைத் தொடர்மாடி ஒன்றின் மூன்றாம் மாடியிலிருந்து கடைசியாக எப்போது கீழே இறங்கினார், இரவில் சலம் கழிக்க எழும்பினால் எதைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார் என்று ஒருவரும் கேட்பதில்லை.

வீட்டிலேயே முதுமை என்பதை ஆளுக்கொரு விதமாக விளங்கி வைத்திருக்கிறோம். பக்கத்தில் இருக்கும் பிள்ளைக்கு அது பாசம். ரொறன்ரோவில் இருக்கும் பிள்ளைக்கு அது கூடத்தில் பூட்டிய கமராவும் மாதச் சம்பளத்துக்கு ஓர் ஆளும். மூத்தவர்களைக் கேட்டால், “இருந்தபடியே இருக்க விடுங்கோ, வீட்டில ஒன்றையும் அசைக்காதேங்கோ” என்பார்கள். மூன்றிலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் ஆளை விழுத்துவது அந்த மூன்றாவதுதான்.

2012 குடிசன மதிப்பீட்டின்படி இலங்கை மக்களில் 12.4 வீதத்தினர் 60 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள். அந்தப் பங்கு அதன் பிறகும் கூடிக்கொண்டுதான் போகிறது. கொழும்புத் தமிழ்க் குடும்பங்களில் இதோடு இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. பிள்ளைகள் கடல் கடந்துவிட்டார்கள். பெற்றோர் யாழ்ப்பாணத்திலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ வந்து வாங்கிய மாடிவீட்டில் தனியே இருக்கிறார்கள். ஆகவே இது நல்ல பிள்ளை, கெட்ட பிள்ளை விவகாரம் இல்லை. இது நடக்கும் விதத்தில் ஒரு ஒழுங்கு இருக்கிறது. அது விளங்கினால் எங்கே காசு செலவழிப்பது, எங்கே பேசாமல் இருப்பது என்பது தானாகத் தெரியும்.

புட்போர்ட் எப்போது உயர்ந்தது?

காலி வீதியில் 100 ஆம் இலக்க பஸ்ஸில் ஏறுவதை நினைத்துப் பாருங்கள். 25 வயதில் பஸ் முழுதாக நிற்கவே தேவையில்லை. ஒரு கையில் கம்பி, ஒரு எட்டு, உள்ளே போய்விடுவோம். 50 வயதில் நிற்கும் வரை காத்திருந்து ஏறுவோம். 70 இல் முதலில் பையை உள்ளே வைத்து, இரண்டு கையாலும் பிடித்து, “பொட்டக் இன்ன மல்லி” (கொஞ்சம் பொறு தம்பி) என்று கொண்டக்டரிடம் கெஞ்ச வேண்டும். 80 இல் பஸ்ஸை விட்டுவிட்டு ஓட்டோ பார்ப்போம். இந்த 55 வருடத்தில் புட்போர்டின் உயரம் ஓர் அங்குலம்கூட மாறவில்லை.

அப்படியென்றால் பிரச்சினை எங்கே இருக்கிறது? காலில் மட்டும் இல்லை, பஸ்ஸிலும் மட்டும் இல்லை. இரண்டுக்கும் இடையிலே விழுந்த இடைவெளியில் இருக்கிறது. 1973 இல் பவல் லோட்டன், லூசில் நஹேமோ என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் முதுமையை விளக்க எடுத்துக்கொண்ட அடிப்படை இதுதான். ஒரு பக்கம், ஒருவருடைய உடலும் மனமும் சேர்ந்து செய்யக்கூடிய அளவு. இதை உள்ளாற்றல் என்போம். மறுபக்கம், அவர் இருக்கும் இடம் அவரிடம் கேட்கும் அளவு. இதைச் சூழல் சுமை என்போம். படிக்கட்டு, வழுக்கும் டைல், குறுகலான கதவு, மங்கிய பல்பு, உயரத்தில் இருக்கும் சீனிப் போத்தல், எல்லாமே சூழல் சுமைதான்.

கண்ணாடி விஷயத்தில் இது நமக்கு நன்றாகவே விளங்கும். கண் மாற மாற கண்ணாடியை மாற்றுகிறோம். “பத்து வருடத்துக்கு முந்தி எடுத்த கண்ணாடி, அதையே போட்டுக்கொண்டு இருக்க விடுங்கோ” என்று யாரும் சொல்வதில்லை. வீடும் ஒரு கண்ணாடிதான். அதற்கும் அவ்வப்போது பவர் மாற்ற வேண்டும். இருந்த இடத்திலேயே இருக்க வேண்டுமென்றால், அந்த இடம் இருந்தபடியே இருக்க முடியாது.

கணக்கில் மீதி எவ்வளவு?

சரி, இடைவெளி இருக்கிறது என்றால் ஏன் ஆட்கள் தினமும் விழுவதில்லை? இதற்கு வங்கிக் கணக்கைப் பார்ப்போம்.

என் மாமி ஒருவரின் குளியலறை வாசலில் நான்கு அங்குல உயரத்தில் ஒரு கட்டு இருக்கிறது, தண்ணீர் வெளியே வராமல் இருக்க. அதைத் தாண்ட 40 ரூபாய் செலவு என்று வைத்துக்கொள்வோம். (எண்கள் விளக்கத்துக்காக நான் போட்டவை.) 45 வயதில் மாமியின் கணக்கில் 100 ரூபாய் இருந்தது. கட்டு இருக்கிறது என்பதே நினைவில் வராது. 78 வயதில் 55 ரூபாய். இன்னமும் தாண்டுகிறார். அதனால்தான் “எனக்கென்ன, நான் நல்லாத்தானே இருக்கிறன்” என்கிறார். பொய் சொல்லவில்லை, மீதி 15 ரூபாய் இருக்கிறது.

ஒரு கிழமை தடிமன் வருகிறது என்று வையுங்கள், கணக்கில் 10 குறைகிறது. அதே இரவில் கரண்ட் போகிறது. இருட்டில் அதே கட்டைத் தாண்ட இப்போது 50 ரூபாய் தேவை. கையில் இருப்பது 45. அன்றைக்கு விழுகிறார். மறுநாள் காலை ஆஸ்பத்திரி வாசலில் எல்லோரும் சொல்வது: “நேற்று வரைக்கும் நல்லா இருந்தவ, திடீரென்று விழுந்திட்டா.” திடீரென்று ஒன்றும் நடக்கவில்லை. மீதி பல வருடமாகவே கரைந்துகொண்டு வந்திருக்கிறது. செலவு கணக்கைத் தாண்டும் வரை அது யார் கண்ணிலும் படாது.

இதுவரை வந்த இடம்: உள்ளாற்றல் வரவு, சூழல் சுமை செலவு. திட்டமிடுவது என்றால் இரண்டு பக்கமும் வேலை செய்து நடுவில் தாராளமான மீதி வைப்பது. வரவைக் கூட்டுவதற்கு, அதாவது தசைப்பலம், கண், மருந்து இவற்றைச் சரிசெய்வதற்கு, மாதங்கள் பிடிக்கும். செலவைக் குறைக்க ஒரு மேசன் பாஸும் ஒரு சனிக்கிழமையும் போதும்.

நிற்பது எவ்வளவு பெரிய வேலை

65 வயதைத் தாண்டியவர்களில் 28 முதல் 35 வீதத்தினர் ஒவ்வொரு வருடமும் ஒருமுறையாவது விழுகிறார்கள் என்பது உலக சுகாதார அமைப்பு தரும் கணக்கு. இடுப்பு எலும்பு முறிவுகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் விழுவதால் வருபவை. ஆகவே வீட்டுப் பாதுகாப்பு என்ற பேச்சில் பாதிக்கு மேல் விழாமல் இருப்பது பற்றியதுதான். கள்ளனுக்குப் பயந்து மூன்று பூட்டுப் போடுகிறோம். கால்துடைப்பான் ஒன்றுக்கு நாம் பயப்படுவதில்லை.

ஒன்றும் செய்யாமல் சும்மா நிற்கிறோம் என்று நினைக்கும்போதும் மூன்று பேர் மூளைக்கு ஓயாமல் செய்தி அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள்: கண், உட்காது, பாதமும் மூட்டுகளும். மூளை மூன்றையும் சேர்த்துப் பார்த்து, உடல் சாய முன்பே தசைகளுக்குக் கட்டளை கொடுக்கிறது. இளமையில் ஒருவர் லீவு போட்டாலும் மற்ற இருவர் சமாளித்துவிடுவார்கள்.

வயதானால் மூவருமே கொஞ்சம் கொஞ்சமாகச் சோர்கிறார்கள். கண்மணி சிறுத்து, வில்லை மஞ்சளாகி, 60 வயதுக் கண்ணின் உள்ளே போய்ச் சேரும் வெளிச்சம் 20 வயதுக் கண்ணுக்குப் போவதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். நம் வீடுகளில் சீனி வருத்தம் இல்லாத வீடு எது? அது நீண்ட காலம் இருந்தால் பாதத்தின் உணர்ச்சி மரத்துப்போகும். இப்போது நடு இரவை நினைத்துப் பாருங்கள். லைட் போடவில்லை, கண் இல்லை. பாதம் மரத்திருக்கிறது, அதுவும் இல்லை. வயதான உட்காது ஒன்றை மட்டும் நம்பி அம்மா கட்டிலிலிருந்து குளியலறைக்குப் போகிறார். அந்தப் பத்தடி நடை உங்களுக்கும் அவருக்கும் ஒரே நடை இல்லை.

இன்னொரு காரணம் கட்டிலிலேயே தொடங்குகிறது. படுத்திருந்து எழும்பி நின்றதும் இரத்தம் கால்களுக்கு இறங்கும். உடல் உடனே நாளங்களைச் சுருக்கி அதைச் சரிசெய்யும். வயதானவர்களில் இது தாமதிக்கலாம். நின்று மூன்று நிமிடத்துக்குள் இரத்த அழுத்தத்தின் (பிரஷரின்) மேல் அளவு 20 புள்ளியோ அதற்கு மேலோ இறங்கினால் அதை எழுநிலை அழுத்த வீழ்ச்சி என்கிறார்கள். தலை கிறுகிறுக்கும், கண் இருட்டும், சிலருக்கு ஒன்றும் தெரியாமலே கால் மடியும். எழும்பி முதலில் கட்டில் விளிம்பில் இருந்து, பாதத்தை மேலும் கீழும் பத்து தரம் அசைத்து, பிறகு நிற்க வேண்டும் என்று சொல்வார்கள். நல்ல ஆலோசனைதான். ஆனால் சலம் முட்டிக்கொண்டு வரும்போது யார் பத்து எண்ணுவார்கள்? அதனால் சலம் போகும் குளிசையைக் காலையில் எடுக்கலாமா என்று டொக்டரிடம் கேட்பது பத்து எண்ணச் சொல்வதைவிடப் பலன் தரும்.

குளிசை என்றதும் ஒன்று. பிரஷர் குளிசை, நித்திரைக் குளிசை, தடிமனுக்குப் பார்மசியில் சும்மா வாங்கும் பிரிட்டன் (Piriton) குளிசை, இவை எல்லாமே விழும் ஆபத்தைக் கூட்டக்கூடியவை. ஐந்துக்கு மேல் மருந்து எடுப்பவர்கள் வருடத்துக்கு ஒரு தரமாவது எல்லாவற்றையும் ஒரு ஷொப்பிங் பையில் அள்ளிப் போட்டுக்கொண்டு போய் ஒரே டொக்டரின் மேசையில் கொட்ட வேண்டும். கண் டொக்டர் தந்தது, இதய டொக்டர் தந்தது, மச்சாள் சிபாரிசு செய்தது, எல்லாம் சேர்த்து. எதையும் தானாக நிறுத்தக் கூடாது. சில மருந்துகளைச் சட்டென்று நிறுத்துவது விழுவதைவிட மோசம்.

கீழ்ப்பாதி வாசிப்பதற்கும் மேல்பாதி தூரம் பார்ப்பதற்குமாகச் செய்த கண்ணாடியும் படிக்கட்டில் ஆளை ஏமாற்றும். குனிந்து படியைப் பார்க்கும்போது வாசிக்கும் பாகத்தால் பார்க்கிறோம். படியின் விளிம்பு கலங்கும். இறங்கும்போது மாத்திரம் தாடையை நெஞ்சோடு சேர்த்து மேல்பாதியால் பார்க்கப் பழகலாம், அல்லது வெளியில் போக என்று தனியாகத் தூரக் கண்ணாடி ஒன்று எடுக்கலாம்.

சுருக்கினால், ஒருவர் விழுவதற்கு ஒரே ஒரு காரணம் இருப்பது அபூர்வம். வெளிச்சம், பாதம், மருந்து, அவசரம் எல்லாம் ஒரே நிமிடத்தில் கைகோர்க்கின்றன. அதில் ஒரு கையைப் பிரித்துவிட்டாலே பல விழுகைகள் நடக்காமல் போகும்.

குளியலறைச் சுவர் சொல்வது

பிடிகம்பி எங்கே பூட்டுவது என்று கேட்டால் நான் அளவுநாடாவை எடுக்க மாட்டேன். முதலில் சுவரைப் பார்ப்பேன்.

மாமியின் குளியலறைக் கதவு நிலையில், இடுப்புக்குச் சற்று மேலே, உள்ளங்கை அளவில் ஒரு பழுப்புக் கறை. வெள்ளைப் பெயின்ற்றில் எண்ணெயும் வியர்வையும் சேர்ந்து வருடக்கணக்கில் ஏறிய கறை. கொமட்டுக்கு வலப்பக்கம் இன்னொன்று. அப்புறம் துவாய் போடும் கம்பி. அதன் இடப்பக்க ஆணி கொஞ்சம் வெளியே வந்திருந்தது. நேர் கீழே தரையில் சுண்ணாம்பு மாதிரி வெள்ளைத் தூள். தினமும் கூட்டுகிறார்கள், தினமும் விழுகிறது. துவாயின் பாரத்துக்குச் சுவர் கொட்டாது. மாமி குளித்துவிட்டுத் திரும்பும்போது அதைத்தான் பிடிக்கிறார் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை.

கை எங்கெல்லாம் போகிறதோ அங்கெல்லாம் ஏற்கெனவே தேவை இருக்கிறது. கம்பியை அங்கேதான் பூட்ட வேண்டும். பொதுவாகத் தரையிலிருந்து 33 முதல் 36 அங்குலம் என்பார்கள். ஆனால் ஆள் குட்டை என்றால் கறை இருக்கும் உயரம்தான் சரி. உறிஞ்சிப் பிடிக்கும் ரப்பர்க் கம்பிகள் கடையில் மலிவாகக் கிடைக்கும். அவற்றை நம்பி உடம்பின் பாரத்தைப் போடக் கூடாது. டைலில் ஒட்டிய எதுவும் டைலோடு கழன்று வரும். பாஸிடம் சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்று: ஆணி டைலைத் தாண்டிச் செங்கல்லுக்குள்ளோ கொங்கிரீட்டுக்குள்ளோ நன்றாக இறங்க வேண்டும். பூட்டியதும் பாஸையே அதில் தொங்கச் சொல்லுங்கள். சிரிப்பார், ஆனால் தொங்குவார்.

குளிக்க இருப்பதற்குப் பல வீடுகளில் மெல்லிய பிளாஸ்டிக் கதிரை ஒன்று போட்டிருப்பார்கள். நனைந்த டைலில், சவுக்கார நுரையோடு, அதன் கால்கள் நாலு பக்கமும் விரியும். காலுக்கு ரப்பர் மூடி போட்ட, கைப்பிடி உள்ள, பாரமான கதிரைதான் வேண்டும். கொமட் மிகவும் பதிவாக இருந்தால் எழும்ப முழங்கால் ஒத்துழைக்காது. இருக்கை 17 முதல் 19 அங்குல உயரத்தில் இருந்தால் பெரும்பாலானவர்களுக்கு வசதி. மேலே வைக்கும் உயர்த்தி கிடைக்கிறது, முழுக் கொமட்டையும் உடைக்கத் தேவையில்லை.

பலர் கவனிக்காதது கதவு. நம் குளியலறைக் கதவுகள் பெரும்பாலும் உள்ளே திறப்பவை. உள்ளே விழுந்தவர் கதவை அடைத்தபடி கிடந்தால் வெளியே நிற்பவர் தள்ளத் தள்ள அவருக்குத்தான் வலிக்கும். வெளியே திறக்கும்படி கீலை மாற்றலாம். அது முடியாவிட்டால் உள்ளே தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டு, வெளியிலிருந்தும் நாணயத்தால் திருப்பித் திறக்கக்கூடிய பூட்டைப் போடலாம்.

மற்ற அறைகள் இதைவிடச் சுலபம். கட்டிலிலிருந்து குளியலறை வரைக்கும் சுவரின் அடியில் அசைவைக் கண்டு எரியும் சிறு லைட் இரண்டு. விளிம்பு சுருண்ட பாய், கால்துடைப்பான் எல்லாம் வெளியே. தினம் எடுக்கும் சாமான்கள் இடுப்புக்கும் தோளுக்கும் இடைப்பட்ட தட்டில். சாமி அறையில் நிலத்தில் இருந்து எழும்ப முடியாவிட்டால் ஒரு கதிரை; சுவாமி கோபிக்க மாட்டார்.

எது முதலில் கைவிட்டுப் போகும்?

1963 இல் சிட்னி கற்ஸ் என்ற அமெரிக்க மருத்துவரும் அவருடைய குழுவினரும் முதியவர்களைக் கவனித்து, ஒருவர் தானே வாழ்வதற்கு ஆறு வேலைகள் அடிப்படை என்று வகுத்தார்கள்: குளித்தல், உடுத்தல், மலசலகூடம் போதல், கட்டிலிலிருந்து கதிரைக்கு மாறுதல், மலசலத்தை அடக்குதல், சாப்பிடுதல். இவற்றை அன்றாடச் செயல்கள் என்கிறார்கள். அவர்கள் கண்ட சுவையான விஷயம், இவை கண்டபடி கைவிட்டுப் போவதில்லை. பெரும்பாலும் குளிப்புத்தான் முதலில் கடினமாகும். தானே எடுத்துச் சாப்பிடுவது கடைசி வரைக்கும் இருக்கும். குழந்தை கற்றுக்கொள்வதற்கு நேர் மறுபக்கம்.

இதற்கும் முன்பாகவே இன்னும் சிக்கலான வேலைகள் தடுமாறும்: வங்கி, கடைக்குப் போய்க் கணக்காகச் சாமான் வாங்குவது, மருந்தை நேரத்துக்கு எடுப்பது, ஃபோன். ஆகவே குளிசைப் பட்டையில் நேற்றைய குளிசை அப்படியே இருக்கிறதா, வாரத்துக்கு மூன்று நாள் குளித்தவர் இப்போது ஒரு நாளாகக் குறைத்துவிட்டாரா என்று பார்ப்பது உளவு பார்ப்பது ஆகாது. மீதி குறைகிறது என்பதற்கான முதல் துண்டுச் சீட்டு அது.

கையோடு செய்யக்கூடிய ஒரு பரிசோதனையும் உண்டு. கைப்பிடி உள்ள கதிரையில் இருக்கச் சொல்லுங்கள். எழும்பி, வழமையான வேகத்தில் 3 மீற்றர் நடந்து, திரும்பி வந்து இருக்க வேண்டும். பக்கத்தில் ஒருவர் நிற்க வேண்டும். 12 விநாடியோ அதற்கு மேலோ எடுத்தால் விழும் ஆபத்து இருக்கிறது என்று கொள்வார்கள். அதற்காகப் பயந்து உட்கார வைத்துவிடக் கூடாது. உடற்பயிற்சிச் சிகிச்சையாளரிடம் காட்ட வேண்டிய நேரம் அது. பெரிய அரசாங்க வைத்தியசாலைகளில் அவர்கள் இருக்கிறார்கள். சமநிலைப் பயிற்சி விழுகையை ஏறத்தாழ கால்பங்கு குறைக்கிறது என்பது நன்றாக உறுதியான விஷயம். கதிரையிலிருந்து கையூன்றாமல் பத்துத் தரம் எழும்பி இருப்பது, குசினி மேடையைப் பிடித்துக்கொண்டு குதிக்கால் உயர்த்துவது, இவ்வளவுதான் ஆரம்பம்.

மூன்றாம் மாடி, லிப்ட், கரண்ட்

வெளிநாட்டு வழிகாட்டிகளைப் படித்தால் வாசலில் ஒரு அடிக்குப் பன்னிரண்டு அடி சரிவுப் பாதை கட்டச் சொல்வார்கள். வெள்ளவத்தையில் யாருக்கு அப்படியொரு வாசல்? நம் பிரச்சினை லிப்ட்.

2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் கரண்ட் இல்லாமல் இருந்தோம். 2025 பெப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாடு முழுக்க இருண்டது; பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கு ஒன்று பட்டதால் என்றார் அமைச்சர். குரங்குக்கு எதிராகத் திட்டம் போட முடியாது. ஆனால் ஜெனரேட்டர் லிப்டுக்கும் வேலை செய்யுமா, அல்லது படிக்கட்டு லைட்டுக்கு மட்டுமா என்று கேட்டு வைக்கலாம். வீடு வாங்கும்போது டைல் நிறம் பார்க்கும் நாம் இதைக் கேட்பதே இல்லை. படிக்கட்டில் கைபிடி இரண்டு பக்கமும் இருக்கிறதா, அதுவும் கடைசிப் படி வரை போகிறதா? இன்சுலின் குளிர்சாதனப் பெட்டியில் இருந்தால் கரண்ட் போன நேரத்துக்கு என்ன வழி?

நான்கு பேர் நெருங்கி நிற்கும் லிப்டுக்குள் ஸ்ட்ரெச்சர் போகாது. அம்புலன்ஸ் வந்தால் ஆளைக் கதிரையில் வைத்துத்தான் இறக்க வேண்டும். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். 2016 இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கியது. அழைப்பவர் வீட்டுக்கு வழி சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். எங்கள் ஒழுங்கைகளுக்கு இரண்டு வாய். காலி வீதிப் பக்கமாக வருவதா மரைன் டிரைவ் பக்கமாக வருவதா என்பதில் நிமிடங்கள் போகும். ஒரு அட்டையில் முகவரி, மாடி, வரும் வழி, இருக்கும் நோய்கள், மருந்துகள் எல்லாவற்றையும் தமிழிலும் சிங்களத்திலும் எழுதி ஃபோனுக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். பதற்றத்தில் பேச வேண்டியவர் பக்கத்து வீட்டு ஆன்டியாகவும் இருக்கலாம், அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாமலும் இருக்கலாம்.

அந்த ஆன்டியிடம் ஒரு சாவி இருப்பது எந்தக் கமராவையும் விட மேல். விழுவதைவிட, விழுந்து எழும்ப முடியாமல் கிடப்பதுதான் பல தடவை ஆளைக் கெடுக்கிறது. மணிக்கணக்கில் தரையில் கிடந்தால் நீர்ச்சத்துக் குறையும், அழுத்தப் புண் வரும், நசுங்கிய தசை உடைந்து சிறுநீரகத்தைத் தாக்கும். மாமி வீட்டில் செய்த ஏற்பாடு எளிமையானது: காலை 7 மணிக்குக் குடும்ப வாட்ஸ்அப்பில் “எழும்பிட்டன்” என்று ஒரு சொல். 8 மணிக்குள் வராவிட்டால் முதலில் ஃபோன், பிறகு பக்கத்து வீடு. லண்டனில் அப்போது நடு இரவு; அதனால் பார்க்கும் பொறுப்பு கொழும்பில் இருக்கும் மருமகனுக்கு. உட்கதவுச் சங்கிலியைப் போட்டுவிட்டால் சாவியால் பயனில்லை என்பதை ஒரு தரம் ஒத்திகை பார்த்த பிறகுதான் கண்டுபிடித்தோம்.

ஆளும் கமராவும்

லோட்டனும் நஹேமோவும் சொன்னதில் பாதியைத்தான் மேலே சொன்னேன். மறுபாதி இது: சுமை மிகக் கூடினாலும் கெடுதல், மிகக் குறைந்தாலும் கெடுதல். ஒன்றுமே கேட்காத சூழலில் உள்ளாற்றல் தூங்கிவிடும். ஆரோக்கியமான முதியவர்களைப் பத்து நாள் கட்டிலில் கிடக்க வைத்துப் பார்த்த ஓர் ஆய்வில், கால்களில் மட்டும் ஏறத்தாழ ஒரு கிலோ கொழுப்பற்ற தசைப்பகுதி கரைந்தது.

அதனால், “நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம் அம்மா, இருங்கோ” என்று ஆள் வைப்பது பாசம் போலத் தெரிந்தாலும் கணக்கிலிருந்து காசு எடுப்பதுதான். ஆள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அவர் கழுவ, அம்மா மரக்கறி வெட்டட்டும். அவர் வாளி தூக்க, அம்மா தானே குளிக்கட்டும். கமரா அம்மா விழுந்ததைக் காட்டும், அதற்கு மேல் ஒன்றும் செய்யாது. படுக்கையறையிலும் குளியலறையிலும் அதற்கு வேலையே இல்லை. கூடத்திலும்கூட அம்மாவிடம் கேட்டுத்தான் பூட்ட வேண்டும்.

காசும் காகிதமும்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஊழியர் சேமலாப நிதியை ஒரேயடியாக எடுத்து வீட்டில் போட்டவர்கள் கையில் மாத வருமானம் என்று ஒன்றும் இருக்காது. பராமரிப்பாளர் சம்பளம், உடற்பயிற்சிச் சிகிச்சை, ஓட்டோ இவற்றுக்கு மாதம் எவ்வளவு என்று எழுதிப் பார்த்தால் யார் எதைக் கொடுப்பது என்ற சண்டை முன்கூட்டியே முடியும். 60 வயதானவர்களுக்கு முதியோர் அடையாள அட்டை உண்டு. பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள். 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், தம்மைப் பராமரிக்க முடியாத பெற்றோர் பிள்ளைகளிடம் பராமரிப்புக் கேட்டு முறையிடவும் வழி இருக்கிறது. அற்றோணித் தத்துவத்தையும் மரண சாசனத்தையும் பலர் குழப்புகிறார்கள். முன்னையது ஆள் உயிரோடு இருக்கும்போது அவர் சார்பில் செயற்பட. பின்னையது அவர் போன பிறகு. இரண்டையும் தெளிந்த நேரத்தில், சட்டத்தரணியோடு செய்ய வேண்டும்.

பேச்சை எங்கே தொடங்குவது?

“அம்மா, நீங்கள் விழுந்திடுவீங்கள்” என்று தொடங்கினால் அங்கேயே முடிந்துவிடும். உலக சுகாதார அமைப்பு 2015 இல் ஆரோக்கியமான முதுமைக்குத் தந்த விளக்கம் நோயில்லாமல் இருப்பது அல்ல. ஒருவர் தனக்கு முக்கியமானதைச் செய்யக்கூடியவராக இருப்பது. ஆகவே முதல் கேள்வி, அவருக்கு எது முக்கியம் என்பது.

மாமிக்கு அது வெள்ளிக்கிழமை மயூரபதி அம்மன் கோயில். பிடிகம்பி என்றபோது, “ஆஸ்பத்திரி மாதிரி இருக்கும்” என்று முகத்தைத் திருப்பினார். “இந்தக் காலோடு இன்னும் எத்தனை வெள்ளி போகலாம் என்று நினைக்கிறீங்கள் மாமி?” என்று மருமகன் கேட்டதற்குக் கொஞ்ச நேரம் பதில் இல்லை. பிறகு, கோயில் வாசல் படியில் போன மாதம் ஒரு பொம்பிளைப்பிள்ளை கை தந்தது என்றார். அதுவரைக்கும் அதை யாரிடமும் சொல்லவில்லை.

அன்றைக்கு இன்னொன்றும் பேசினார்கள். வீடு எப்போது போதாமல் போகும் என்று. இரவில் தனியே இருக்க முடியாமல் போனால், அடுப்பை அணைக்க மறந்தது இரண்டாம் தரம் நடந்தால், அப்போது தரை மாடிக்கோ மகளிடமோ மாறுவது. அதை மாமியே சொல்லி, மருமகன் எழுதி வைத்தார். இடம் மாறுவதும் திட்டத்துக்குள் இருப்பதுதான். நெருக்கடியில் வேறு யாரோ முடிவெடுப்பதைவிட இது நல்லது.

சனிக்கிழமை பாஸ் வந்தார். கதவு நிலையில் ஒன்று, கொமட் பக்கம் ஒன்று, துவாய்க் கம்பி இருந்த இடத்தில் ஒன்று. தொங்கியும் காட்டினார். மாமி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “அப்ப துவாயை எங்க போடுறது?” என்று மட்டும் கேட்டார். மறுநாள் காலை போய்ப் பார்த்தபோது புதுக் கம்பியில்தான் துவாய் காய்ந்துகொண்டிருந்தது.